வீட்டுக் கணினியில் சாட்பாட் சர்வர்: எது கெட்டால் எங்கே பார்ப்பது

ஏஐ மாடல்களை நம் கணினியிலேயே ஓட்டும் ஒல்லாமாவை நிறுவி, அதன் மேல் பிரவுசரில் பேசும் முகப்பாக ஓபன் வெப்யூஐ போட்டு, வீட்டில் எல்லோரும் பேசுகிற மாதிரி ஒரு சாட்பாட்டைச் சொந்தக் கணினியில் ஏற்படுத்திக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். அப்புறம் அது நிற்காமல் ஓட வேண்டும், அங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். என் கணினியிலும் உதவி கேட்டவர்களின் கணினிகளிலும் ஒரே பழுதுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது என்று குறித்து வைத்துக்கொண்டது இது. புது கிராஃபிக்ஸ் கார்டு (ஜிபியு) வாங்கக் கிளம்பியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு அமைப்பை மாற்றியதும் வேலை முடிந்தது, அதனால் காசு செலவாகும் வழிகளை ஒவ்வொரு பகுதியிலும் கடைசியில்தான் வைத்திருக்கிறேன்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஒல்லாமா_ஹோஸ்ட் மாதிரி 'ஒல்லாமா_' என்று தொடங்கும் சூழல் மாறிகள் (சர்வர் தொடங்கும்போது படிக்கும் அமைப்புகள்) எல்லாம் பெரிய எழுத்தில்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் லாகைத் திறந்து பாருங்கள், சர்வர் தன் பிழைகளை எழுதி வைக்கும் பதிவு அது. லினக்ஸில் 'ஜர்னல்சிடிஎல் -யு ஒல்லாமா'. விண்டோஸில் உங்கள் பயனர் கணக்கின் லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் ஒல்லாமா ஃபோல்டரில் சர்வர் லாக் இருக்கும். மேக்கில் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் .ஒல்லாமா ஃபோல்டருக்குள் லாக்ஸ். கடைசி ஐம்பது வரியைப் பொறுமையாகப் படித்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

## பக்கமே திறக்கவில்லை

சர்வர் ஓடும் அதே கணினியில் பிரவுசரைத் திறந்து 127.0.0.1:11434 (அதே கணினியின் முகவரி, ஒல்லாமாவின் போர்ட் எண்) என்று அடியுங்கள். 'ஒல்லாமா இஸ் ரன்னிங்' என்று ஒரு வரி வந்தால் சர்வர் நன்றாக இருக்கிறது, கோளாறு முகப்பில். வரவில்லை என்றால் சர்வரே எழவில்லை. எங்கே தேடுவது என்பதை இந்த ஒரு சோதனை தீர்மானித்துவிடும், அதனால் இதைச் செய்யாமல் வேறு எதையும் தொட வேண்டாம்.

### அந்த வரி வரவில்லை

லினக்ஸில் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் ஒல்லாமா' கொடுத்துப் பாருங்கள், விண்டோஸிலும் மேக்கிலும் ஐகான் இருக்கிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால் எழுப்புங்கள். எழுப்பியதும் மறுபடி விழுந்தால் லாகில் காரணம் இருக்கும்: டிஸ்க் நிறைந்திருக்கலாம், அல்லது மாடல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றியிருப்பீர்கள், அந்த ஃபோல்டரைத் திறக்க சர்வருக்கு அனுமதி இருக்காது. லினக்ஸில் சர்வர் உங்கள் பெயரில் ஓடுவதில்லை, 'ஒல்லாமா' என்ற தனிப் பயனராக ஓடுகிறது. நீங்கள் திறக்க முடிகிற ஃபோல்டரை அந்தப் பயனரும் திறக்க முடியும் என்று நினைத்துவிடக் கூடாது.

### 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்கிறது

இது பழுதே இல்லை. சர்வர் ஏற்கெனவே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் 'ஒல்லாமா சர்வ்' என்று இரண்டாவது ஒன்றை எழுப்பப் பார்க்கிறீர்கள். ஒன்று போதும், விட்டுவிடுங்கள்.

### சர்வர் ஓடுகிறது, மாடல் பட்டியல் காலி

மாடல்கள் அழிந்துவிட்டன என்று முடிவுகட்டி மறுபடி இறக்க ஆரம்பிக்காதீர்கள். லினக்ஸில் சர்வீஸாக ஓடும்போது மாடல்கள் /யுஎஸ்ஆர்/ஷேர்/ஒல்லாமா என்ற இடத்தின் கீழே போய் உட்காரும். சர்வீஸை நிறுத்திவிட்டு நீங்களே கையால் எழுப்பினால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் தேடும், அங்கே ஒன்றும் இருக்காது. கையால் எழுப்பியதை நிறுத்திவிட்டுச் சர்வீஸை மறுபடி தொடங்கினால் எல்லாம் திரும்பி வந்துவிடும். வெளி டிஸ்க்கில் மாடல்களை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு: கணினி தொடங்கும்போது அந்த டிஸ்க் இணைவதற்கு முன்பே சர்வர் எழுந்துவிடுகிறது. டிஸ்க் இணைந்த பிறகு சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

### வெப்யூஐ திறக்கிறது, அதில் மாடல் ஒன்றும் தெரியவில்லை

வெப்யூஐயை டாக்கரில் (மென்பொருளைக் 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுபவர்களுக்கு அநேகமாக இதுதான் முதல் முட்டுக்கட்டை. கன்டெய்னருக்குள் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் அந்தக் கன்டெய்னர்தான், உங்கள் கணினி இல்லை. அமைப்பில் ஒல்லாமாவின் முகவரியை 'ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்:11434' என்று மாற்றுங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் டாக்கர் டெஸ்க்டாப் இருந்தால் இதோடு முடிந்தது. லினக்ஸில் இன்னும் இரண்டு வேலை: கன்டெய்னரை ஓட்டும்போது 'ஆட்-ஹோஸ்ட்' விருப்பத்தில் அந்தப் பெயரை 'ஹோஸ்ட்-கேட்வே' என்பதோடு இணைக்க வேண்டும், அப்புறம் ஒல்லாமா 127.0.0.1 இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் கன்டெய்னரின் அழைப்பு அதற்கு எட்டாது, அதனால் ஒல்லாமா_ஹோஸ்ட் மாறியை 0.0.0.0 என்று வைக்க வேண்டும் (எப்படி என்பது அடுத்த பகுதியில்).

### அப்டேட் செய்தேன், பழைய உரையாடல்கள் காணோம்

இங்கே அவசரப்படாதீர்கள், எதையும் நீக்காதீர்கள். கன்டெய்னரை ஓட்டும்போது வால்யூம் (கன்டெய்னருக்கு வெளியே தரவை வைக்கும் இடம்) இணைக்காமல் விட்டிருந்தால் கணக்குகளும் உரையாடல்களும் அந்தக் கன்டெய்னருக்குள்ளேயே இருக்கும், புதுக் கன்டெய்னரில் இருக்காது. 'டாக்கர் பிஎஸ் -ஏ' கொடுத்துப் பாருங்கள். பழைய கன்டெய்னர் நின்ற நிலையிலாவது இருந்தால் 'டாக்கர் சிபி' கட்டளையால் அதன் /ஆப்/பேக்கெண்ட்/டேட்டா ஃபோல்டரை வெளியே எடுத்துவிடலாம். கன்டெய்னரையே நீக்கிவிட்டீர்கள் என்றால் மீட்க வழியில்லை, எவரிடம் காசு கொடுத்தாலும் பயனில்லாமல் போகவே வாய்ப்பு அதிகம். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வால்யூம் இணைத்தோமா என்று சந்தேகம் இருந்தால் இன்றைக்கே அந்த டேட்டா ஃபோல்டரை ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

## சர்வர் கணினியில் வருகிறது, போனில் வரவில்லை

ஒல்லாமாவும் மற்ற பல சர்வர்களும் பாதுகாப்புக்காகத் தன் கணினிக்கு மட்டுமே பதில் சொல்லும்படி வருகின்றன. போனிலிருந்து நேராக ஒல்லாமாவைத் தொட வேண்டும் என்றால் மேலே சொன்ன 0.0.0.0 மாற்றம் வேண்டும். லினக்ஸில் அதை டெர்மினலில் அடித்தால் சர்வீஸுக்குப் போய்ச் சேராது. 'சிஸ்டம்சிடிஎல் எடிட் ஒல்லாமா' கொடுத்து, சர்வீஸ் பகுதியின் கீழே சூழல் மாறியாக எழுதி, டீமன்-ரீலோட் செய்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். விண்டோஸில் ஒல்லாமாவை முழுதாக மூடிவிட்டு, சூழல் மாறிகளில் எழுதி, மறுபடி திறக்க வேண்டும். மூடாமல் மாற்றிவிட்டு 'மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை' என்று சொன்னவர்கள் ஏராளம்.

வெப்யூஐ வழியாக மட்டும் பேசுவதாக இருந்தால் ஒல்லாமாவை வீட்டு நெட்வொர்க்குக்குத் திறக்கவே தேவையில்லை, வெப்யூஐயின் போர்ட் மட்டும் தெரிந்தால் போதும் (லினக்ஸில் டாக்கருக்காக 0.0.0.0 வைத்தவர்களுக்கு அது ஏற்கெனவே திறந்திருக்கும்). நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இன்னும் வரவில்லையா? போன் வைஃபையில் இருக்கிறதா, மொபைல் டேட்டாவில் இருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டரின் கெஸ்ட் வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. அப்புறம் விண்டோஸில் நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள், ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துச் சோதிப்பது ஒரு நிமிடத்துக்குச் சரி, மறக்காமல் திரும்பப் போட வேண்டும்.

நேற்று வரை வந்தது, இன்று வரவில்லை என்றால் கணினியின் ஐபி முகவரி மாறியிருக்கும். ரூட்டர் பக்கத்தில் போய் டிஹெச்சிபி ரிசர்வேஷன் போட்டு அந்தக் கணினிக்கு ஒரே முகவரியை நிலையாக்கிவிடுங்கள். அல்லது கணினி தூங்கியிருக்கும். ஸ்லீப்பை அணைக்காமல் எந்தக் கணினியையும் சர்வராக வைக்க முடியாது.

### போனில் மைக் மட்டும் வேலை செய்யவில்லை

பிரவுசர்கள் ஹெச்டிடிபிஎஸ் முகவரிக்கும் லோக்கல்ஹோஸ்டுக்கும் மட்டுமே மைக்கைத் திறக்கும். வீட்டு ஐபியில் சாதா ஹெச்டிடிபி வழியாக வந்தால் அனுமதி கேட்கும் பெட்டிகூட வராது. போனை மாற்றியும் பிரவுசரை மாற்றியும் பயனில்லை, ஹெச்டிடிபிஎஸ் ஏற்பாடு செய்ய வேண்டும்.

### வீட்டுக்கு வெளியிலிருந்து வேண்டும்

இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரூட்டரில் 11434 போர்ட்டை வெளியே திறந்துவிடாதீர்கள். ஒல்லாமாவில் கடவுச்சொல் கேட்கும் வசதியே கிடையாது, முகவரி தெரிந்த எவரும் உங்கள் கார்டை ஓட்டலாம், உங்கள் மாடல்களை அழிக்கலாம். அதைவிட டாக்கரில் ஒரு சிக்கல்: கன்டெய்னருக்குப் போர்ட் கொடுத்தால் அது லினக்ஸின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் விதிகளைத் தாண்டிப் போய்விடும், நீங்கள் மூடியிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பது திறந்திருக்கும். போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 சேர்த்துக் கொடுத்தால் அந்தக் கணினியோடு நிற்கும். வெளியிலிருந்து பேச டெயில்ஸ்கேல் அல்லது ஒயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன் போதும். ரூட்டரில் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால் போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது, அது இணைய நிறுவனம் பலருக்குப் பொதுவாகப் பகிரும் முகவரி. அப்போதும் டெயில்ஸ்கேல் வேலை செய்யும்.

## பதில் வருகிறது, ஆனால் எறும்பு ஊர்வதுபோல் வருகிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதிகம் காசு வீணாவதும் இங்கேதான். 'ஸ்லோவாக இருக்கிறது' என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், அதற்குள் நான்கு வெவ்வேறு பழுதுகள் இருக்கின்றன.

### முதல் சொல் வரத்தான் நேரமாகிறது, அப்புறம் வேகம்

சும்மா இருந்தால் ஒல்லாமா 5 நிமிடத்தில் மாடலை மெமரியிலிருந்து இறக்கிவிடும். அடுத்த கேள்விக்கு மறுபடி டிஸ்க்கிலிருந்து ஏற்ற வேண்டும். ஒல்லாமா_கீப்_அலைவ் மாறியை -1 என்று வைத்தால் இறக்காது. மாடல் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் 5 ஜிபி ஏற்ற அரை நிமிடத்துக்கு மேல் ஆவது இயல்பு, எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். இந்தப் பட்டியலில் காசு கொடுத்தால் உடனே பலன் தெரிகிற ஒரு சில இடங்களில் இது ஒன்று.

மாடல் ஏறியே இருக்கிறது, ஆனாலும் தாமதம் என்றால் நீங்கள் கொடுத்த கேள்வி நீளம். பெரிய ஆவணத்தை இணைத்திருந்தால் முழுவதையும் படித்த பிறகுதான் முதல் சொல் வரும்.

இன்னொன்று, இதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. வெப்யூஐ ஒவ்வொரு புது உரையாடலுக்கும் தலைப்பு வைக்க, குறிச்சொல் போட என்று பின்னணியில் அதே மாடலைத் தனியாகக் கூப்பிடுகிறது. பதில் முடிந்த பிறகும் கார்டு உழைத்துக்கொண்டிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். அந்த வேலைக்கு வேறு மாடலை ஒதுக்கியிருந்து, இரண்டும் சேர்ந்து கார்டில் இடம் கொள்ளாவிட்டால், ஒன்றை இறக்கி மற்றதை ஏற்றி என்று மாறி மாறிப் போராடும். அமைப்பில் போய் அந்த வேலைகளை அணைத்துப் பாருங்கள்.

### தொடக்கம் முதலே மெதுவாகத்தான் வருகிறது

மாடல் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொரு டெர்மினலில் 'ஒல்லாமா பிஎஸ்' அடியுங்கள். '100% ஜிபியு' என்று வந்தால் மாடல் முழுதாகக் கார்டில் இருக்கிறது. '100% சிபியு' என்றால் கார்டையே தொடவில்லை. 48%/52% மாதிரி இரண்டும் கலந்து வந்தால் கார்டில் இடம் போதாமல் மீதி ரேமில் வழிந்திருக்கிறது.

முழுக்க சிபியு என்றால் 'என்விடியா-எஸ்எம்ஐ' அடித்து, டிரைவர் கார்டைப் பார்க்கிறதா என்று பாருங்கள். அங்கேயே பிழை வந்தால் ஒல்லாமாவில் தேடுவது வீண். லினக்ஸில் கர்னல் அப்டேட் ஆன மறுநாள் இது நடக்கும், செக்யூர் பூட் இருக்கும் கணினிகளில் டிரைவரின் சாவியைப் பதிவு செய்யாமல் விட்டாலும் நடக்கும். டிரைவரை மறுபடி நிறுவுங்கள். ஒல்லாமாவையே டாக்கரில் ஓட்டினால் என்விடியா கன்டெய்னர் டூல்கிட் வேண்டும், ஓட்டும் கட்டளையில் '--ஜிபியுஸ்=ஆல்' வேண்டும். ஏஎம்டி கார்டு என்றால் அந்தக் கார்டு ஆர்ஓசிஎம் (ஏஎம்டியின் ஜிபியு மென்பொருள்) ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லை என்றால் லாமா.சிபிபியை (மாடல்களை ஓட்டும் இன்னொரு மென்பொருள்) வல்கன் என்ற பொதுவான ஜிபியு வழியில் ஓட்டிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கலந்து வந்தால் கணக்குப் போடுங்கள். மாடல் கோப்பின் அளவு, அதோடு உரையாடல் நினைவுக்கான இடம், அதோடு திரைக்கும் மற்றதுக்கும் ஏறத்தாழ 1 ஜிபி. லாமா 3.1 இன் 8பி (8 பில்லியன் அளவுருக்கள் கொண்ட) மாடல் க்யூ4_கே_எம் என்ற சுருக்க அளவில் 4.9 ஜிபி. அதற்கு 8192 டோக்கன் (சொல் அல்லது சொல்லின் துண்டு) கான்டெக்ஸ்ட், அதாவது ஒரே நேரத்தில் நினைவில் வைக்கும் அளவு, கொடுத்தால் 1 ஜிபி கூடும், 32,768 என்றால் 4 ஜிபி, அது தாங்கும் முழு 1,31,072 டோக்கனையும் கொடுத்தால் 16 ஜிபி. ஆக, அதே மாடல், அதே 8 ஜிபி கார்டு, முதல் அமைப்பில் வசதியாக ஓடும், இரண்டாவதில் வழியும், மூன்றாவதில் திணறும். கான்டெக்ஸ்டைப் பெரிதாக வைத்தால் நல்லதுதானே என்று எல்லாவற்றுக்கும் உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள், பெரும்பாலான 'கார்டு போதவில்லை' புகாருக்கு இதுதான் காரணம். தேவைக்குக் குறையுங்கள். ஒல்லாமா_ஃபிளாஷ்_அட்டென்ஷன் மாறியை 1 என்றும், ஒல்லாமா_கேவி_கேஷ்_டைப் மாறியை க்யூ8_0 என்றும் வைத்தால் (இந்த மதிப்பு மட்டும் சிறிய எழுத்தில்) உரையாடல் நினைவு ஏறக்குறையப் பாதியாகும். ஒரே நேரத்தில் பலர் பேசும்படி ஒல்லாமா_நம்_பேரலல் மாறியைக் கூட்டியிருந்தால் அந்த நினைவு அத்தனை மடங்காகும், அதையும் பாருங்கள்.

விண்டோஸில் ஒரு கண்ணுக்குத் தெரியாத வழிதல் உண்டு. கார்டு மெமரி நிறைந்ததும் என்விடியா டிரைவர் சத்தமில்லாமல் ரேமைக் கடன் வாங்கிக்கொள்ளும், பிழை எதுவும் வராது, வேகம் மட்டும் படுத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் கார்டின் பக்கத்தில் 'ஷேர்டு ஜிபியு மெமரி' ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'சிஸ்மெம் ஃபால்பேக் பாலிசி' என்ற அமைப்பில் அதை அணைக்கலாம்.

கார்டே இல்லாமல் சிபியுவில் ஓட்டுபவர்கள் ரேம் ஸ்டிக்குகளை எண்ணுங்கள். ஒவ்வொரு டோக்கனுக்கும் முழு மாடலையும் ரேமிலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். டிடிஆர்4-3200 ரேம் இரண்டு சேனலில் வினாடிக்கு 51.2 ஜிபி தரும், 5 ஜிபி மாடலுக்கு வினாடிக்குச் சுமார் 10 டோக்கன்தான் உச்சவரம்பு. ஒற்றை ஸ்டிக் போட்டிருந்தால் அதிலும் பாதி. இன்னொரு ஸ்டிக் சேர்ப்பது கார்டு வாங்குவதைவிட எத்தனையோ மலிவு. ரேம் 32 ஜிபி இருந்தால் க்வென்3 30பி-ஏ3பி மாதிரி மாடலை ஓட்டிப் பாருங்கள், மொத்தம் 30 பில்லியன் இருந்தாலும் ஒரு டோக்கனுக்கு 3 பில்லியன் அளவே உழைப்பதால் சிபியுவிலும் பொறுக்கும்படி ஓடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் போதவில்லை என்றால் அப்போது கார்டு பற்றி யோசியுங்கள். 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் மெமரி வேகம் வினாடிக்கு 360 ஜிபி, மேலே சொன்ன ரேமைப்போல் ஏழு மடங்கு. வாங்கும்போது கார்டின் வேகத்தைவிட மெமரி எத்தனை ஜிபி என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

### நேற்று வேகம், இன்று மெதுவு

கணினி தூங்கி எழுந்ததா? லினக்ஸில் தூங்கி எழுந்த பிறகு என்விடியா கார்டை ஒல்லாமாவால் கண்டுபிடிக்க முடியாமல் போய் சிபியுவுக்கு மாறிவிடுவது தெரிந்த பிரச்சினை. 'என்விடியா_யுவிஎம்' மாட்யூலை ஆர்எம்மாட் மூலம் கழற்றி, மாட்புரோப் மூலம் மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும், அல்லது ரீஸ்டார்ட். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்கிறதா பாருங்கள், பேட்டரியில் வேகம் குறைந்துவிடும். வேறு எதுவும் மாறவில்லை என்றால் டிரைவரோ ஒல்லாமாவோ தானாக அப்டேட் ஆகியிருக்கும், முந்தைய பதிப்புக்குத் திரும்பிப் பாருங்கள்.

### வேகமாகத் தொடங்கி, போகப்போகக் குறைகிறது

புது உரையாடல் தொடங்கியதும் வேகம் திரும்பினால் உரையாடல் நீண்டதுதான் காரணம். கான்டெக்ஸ்ட் நிறைந்த பிறகு பழைய பகுதியை வெட்டி வெட்டித்தான் உள்ளே அனுப்ப முடியும், அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டியதாகிறது. புது உரையாடலிலும் மெதுவு, பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் வேகம் என்றால் வெப்பம். 'என்விடியா-எஸ்எம்ஐ' காட்டும் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். 85 டிகிரிக்கு மேல் போய் நிற்கிறது என்றால் கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, விசிறிகளிலும் வெப்பத் தகடுகளிலும் உள்ள தூசியை எடுங்கள். தூசி எடுத்தும் குறையவில்லை என்றால் கார்டின் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். கார்டைப் பிரித்துப் பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. வாரன்டி இருக்கும்போது நீங்களே பிரிக்கவே வேண்டாம்.

## மாடல் ஏறும்போதே விழுந்துவிடுகிறது

லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருந்தால் மேலே சொன்ன அதே கணக்கு: கான்டெக்ஸ்டைக் குறையுங்கள், அல்லது சின்ன மாடல். பிழையே எழுதாமல் சர்வர் காணாமல் போனால் மெமரி போதாமல் லினக்ஸ்தான் அதைக் கொன்றிருக்கும், 'ஜர்னல்சிடிஎல் -கே' கொடுத்து 'கில்டு பிராசஸ்' என்ற வரியைத் தேடுங்கள். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல்லுக்குள் ஓட்டினால் அதற்குக் கணினி ரேமில் பாதிதான் இயல்பாகக் கிடைக்கும், .டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் கூட்டலாம். 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று வந்தால் சிபியு பழையது, ஏவிஎக்ஸ் கட்டளைகள் அதில் இல்லை. அதற்கென்று லாமா.சிபிபியைத் தனியாகக் கம்பைல் செய்து ஓட்டலாம், வேகத்தை எதிர்பார்க்க முடியாது. கையால் இறக்கிய ஜிஜியுஎஃப் (மாடல்) கோப்பு என்றால் அதன் ஷா256 சரிபார்ப்பு எண்ணை இறக்கிய பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், பாதியில் அறுந்த கோப்பாக இருக்கும்.

## பதில் வருகிறது, ஆனால் உளறுகிறது

### தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்கிறது, நிறுத்தவே மாட்டேன் என்கிறது

நீங்கள் இறக்கியது 'பேஸ்' மாடலா, 'இன்ஸ்ட்ரக்ட்' மாடலா என்று பாருங்கள். பேஸ் மாடலுக்கு உரையாடல் தெரியாது, எழுத்தைத் தொடரத்தான் தெரியும். இன்ஸ்ட்ரக்ட்தான் என்றால் சாட் டெம்ப்ளேட் (யார் பேசியது என்று மாடலுக்குப் பிரித்துக் காட்டும் வடிவம்) தவறு. வேறு இடத்திலிருந்து இறக்கிய கோப்பை நீங்களே சேர்த்தால் இது வரும். ஒல்லாமாவின் சொந்தப் பட்டியலிலிருந்து அதே மாடலை இறக்கி ஒப்பிடுங்கள், லாமா.சிபிபி சர்வர் என்றால் ஜின்ஜா விருப்பம் போட்டு ஓட்டுங்கள்.

### ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது

டெம்பரேச்சர் (பதிலில் எவ்வளவு மாறுபாடு வரலாம் என்ற அமைப்பு) 0 என்று வைத்திருக்கிறீர்களா? யோசித்துப் பதில் சொல்லும் மாடல்கள் பல அதில் சுழலில் மாட்டிக்கொள்ளும். க்வென்3 யோசிக்கும் நிலையில் 0.6 வைக்கச் சொல்கிறார்கள் அதை உருவாக்கியவர்கள். அது சரியாக இருந்தால் மாடலின் சுருக்க அளவைப் பாருங்கள். சின்ன மாடலை க்யூ2 அளவுக்குச் சுருக்கினால் உளறத்தான் செய்யும், க்யூ4_கே_எம்முக்குக் கீழே நான் போவதில்லை.

### சொன்னதை மறக்கிறது, பதில் பாதியில் அறுகிறது

கான்டெக்ஸ்ட் போதவில்லை. ஒல்லாமாவில் இயல்பான அளவு பழைய பதிப்புகளில் 2048, அப்புறம் 4096 என்று இருந்தது, புதிய பதிப்புகளில் கார்டு மெமரியைப் பொறுத்து மாறும். மாடல் லட்சம் டோக்கன் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் சர்வர் பெரும்பாலும் அவ்வளவு கொடுப்பதில்லை. ஒல்லாமா_கான்டெக்ஸ்ட்_லெங்த் மாறியில் கூட்டுங்கள், கூட்டும்போது மெமரிக் கணக்கை மறக்காதீர்கள். யோசிக்கும் மாடல்கள் யோசனைக்கே ஆயிரக்கணக்கில் டோக்கன் செலவழித்துவிட்டு விடைக்கு இடமில்லாமல் நிற்பதும் இதனால்தான்.

### ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுகிறது, தமிழில் தடுமாறுகிறது

இது அமைப்பில் தீராது, மாடலைத்தான் மாற்ற வேண்டும். லாமா 3.1 அதிகாரபூர்வமாக ஆதரிக்கும் எட்டு மொழிகளில் தமிழ் இல்லை. தமிழ்ச் சொல் ஒன்றை அது பல துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கிறது, அதனால் அதே கருத்துக்குத் தமிழில் அதிக டோக்கன், அதிக நேரம், சீக்கிரம் நிறையும் கான்டெக்ஸ்ட். ஜெம்மா 3 இன் டோக்கன் பட்டியல் 2.6 லட்சம் அளவு பெரியது, தமிழும் தேவலாம். 12பி கொள்ளும் கார்டு இருந்தால் அதில் தொடங்குங்கள், 4பியின் தமிழ் எனக்குத் திருப்தி தரவில்லை. தமிழில் பேசும் சாட்பாட் வீட்டில் வேண்டும் என்பவர்கள் மாடலை ஆங்கிலக் கேள்வியால் சோதித்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எழுத்துக்கு நடுவே கேள்விக்குறிக் கட்டங்கள் வந்தால் அது மாடலின் குறை இல்லை. ஒரு தமிழ் எழுத்துக்குறி யுடிஎஃப்-8இல் 3 பைட். நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட் வந்த துண்டை வந்தவுடனே எழுத்தாக மாற்றினால், துண்டு எழுத்தின் நடுவில் முடியும்போதெல்லாம் கட்டம் விழும். முழு எழுத்து சேரும் வரை பைட்டுகளைத் தேக்கி வைத்து மாற்றுங்கள்.

### சொற்களே இல்லை, ஒரே குறி வரிசையாக வருகிறது

'ஒல்லாமா ரன்' திரையில் நம்_ஜிபியு அளவை 0 ஆக்கி, சிபியுவில் அதே கேள்வியைக் கேளுங்கள். சிபியுவில் நல்ல பதில் வந்தால் மாடல் கோப்பு சரி, கார்டு பக்கம்தான் கோளாறு. ஃபிளாஷ் அட்டென்ஷனை அணைத்துப் பாருங்கள், ஓவர்கிளாக் செய்திருந்தால் எடுத்துவிடுங்கள், டிரைவரை மாற்றிப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அப்படியே வந்தால், விளையாட்டுகளிலும் திரையில் புள்ளிகள் கோடுகள் தெரிந்தால், கார்டு மெமரி பழுது. அது வாரன்டிக்கோ பழுதுபார்ப்பவரிடமோ போக வேண்டியது, வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை.

## கேள்வி கேட்டதும் கணினியே அணைந்துவிடுகிறது

மென்பொருளில் தேட வேண்டாம். கணினி சட்டென்று கறுப்பாகிப் போவது மின்சாரம் அல்லது வெப்பம், அபூர்வமாக ரேம். விண்டோஸில் ஈவென்ட் வியூவரில் 'கர்னல்-பவர் 41' என்று பதிவாகியிருக்கும், அது எதிர்பாராமல் அணைந்தது என்று மட்டும் சொல்கிறது, காரணம் சொல்வதில்லை.

காசில்லாத சோதனை முதலில். லினக்ஸில் நிர்வாகி உரிமையோடு 'என்விடியா-எஸ்எம்ஐ -பிஎல்' கொடுத்துக் கார்டின் மின் வரம்பை, கார்டு அனுமதிக்கும் எல்லைக்குள், குறையுங்கள். கால் பங்கு குறைத்தாலும் சாட்பாட்டின் வேகம் பெரிதாகக் குறையாது. அணைவது நின்றுவிட்டால் எஸ்எம்பிஎஸ்தான் கார்டின் திடீர் இழுப்பைத் தாங்கவில்லை. கார்டில் இரண்டு மின் இணைப்பு இருந்து, ஒரே கேபிளின் இரண்டு தலைகளை இரண்டிலும் செருகியிருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனிக் கேபிள் கொடுங்கள். புதிய கார்டுகளின் 12 வோல்ட் பெரிய பிளக் கடைசி வரை உள்ளே போயிருக்கிறதா என்று கணினியை அணைத்துவிட்டுப் பாருங்கள், அரைகுறையாக இருந்தால் உருகும் ஆபத்து உண்டு. மின் வரம்பைக் குறைத்தும் அணைகிறது என்றால் மெம்டெஸ்ட் போட்டு இரவு முழுவதும் ரேமைச் சோதியுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். கருகிய வாடை, பிளக் நிறம் மாறியிருப்பது, சுவர் சாக்கெட் தொட்டால் சுடுவது, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த நிமிடமே மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். சாக்கெட் சுட்டால் எலக்ட்ரீஷியன், கணினிக்குள் வாடை என்றால் ஹார்டுவேர் ஆள்.

கணினியைக் கொண்டுபோகும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், கார்டு என்ன, எத்தனை நிமிடத்தில் அணைகிறது, அப்போது வெப்பம் எவ்வளவு, மின் வரம்பைக் குறைத்தபோது என்ன ஆயிற்று. சும்மா ஆன் செய்து டெஸ்க்டாப் வந்ததும் 'நல்லாத்தானே இருக்கு' என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், எனக்கு இரண்டு முறை அப்படி நடந்தது. கார்டுக்கு முழுச் சுமை கொடுத்து அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.